முந்நூற்றுப் பன்னிரண்டு குரல்கள்

ஸ்பாக்ஸ், துனிசியா, 4 மார்ச் 2024

அன்புத் தம்பி லசாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பாபா இறந்த நாற்பதாம் நாள் நேற்று முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் உன்னைத்தான் விசாரித்தார்கள். "பின்லாந்துல பனி, பிளேன் ஓடல" என்று பொய் சொல்லியே அலுத்துவிட்டது.

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. "அந்த மனுஷன் குரல் ஒரு தடவ காதுல விழுந்தா போதும்டி" என்கிறாள். நாக்குக் குழறுகிறதென்று பாபா நாலு வருஷமாகப் போனைத் தொடவில்லை. நீ கூப்பிட்டால்கூட என் கையில் திணித்துவிடுவார். வீட்டில் ஒரு பதிவும் இல்லை.

உங்கள் ஆய்வகத்தில் இருக்கிறதே. போனில் பேசினாலே நடுக்குவாதத்தைக் கண்டுபிடிக்க ஐரோப்பாவும் நாமும் சேர்ந்து செய்த ஆராய்ச்சிக்கு, இங்கே 312 பேர் குரலைப் பதிந்தவள் நான்தானே. பாபாவும் "என் மகன் வேலையாச்சே" என்று வந்து ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணினார். எங்கள் பிரதியை ஒப்பந்தப்படி அழித்துவிட்டோம். நீ தேடி அனுப்பு.

அக்கா சிஹேம்

ஔலு, பின்லாந்து, 9 மார்ச்

அன்பு அக்காவுக்கு,

அம்மாவை நினைத்தால் தூக்கம் வரவில்லை. ஆனால் இது முடியாது அக்கா. பெயரை நீக்கித்தான் குரல்கள் இங்கே வந்தன. எந்த எண் யாருடையது என்ற பட்டியலும் இப்போது இல்லை. இரண்டு கண்டத்துக்காரர்களும் கூடிய கூட்டத்தில் அந்த விதியைக் கேட்டு வாங்கியவனே நான். நம் ஊர் நோயாளிகளின் பெயர் எவன் கையிலும் சிக்கக்கூடாது என்றுதான் கேட்டேன். ஒரு குரல் வெளியே போனாலும் ஆராய்ச்சி நின்றுவிடும், என் வேலையும் போய்விடும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

உன் லசாத்

ஸ்பாக்ஸ், 13 மார்ச்

லசாத்,

அந்த விதியில் நானும் கையெழுத்துப் போட்டவள்தான். பட்டியல் எதற்கு, உனக்குக் காது இல்லையா? ஒவ்வொன்றும் அரை நிமிஷம்கூட வராது. பெற்ற அப்பன் குரலுக்குப் பட்டியல் தேடுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. நோன்பு தொடங்கிவிட்டது. நோன்பு திறக்க அம்மாவுக்கு ஒரு பேரீச்சம்பழம், அதோடு சரி.

சிஹேம்

ஔலு, 24 மார்ச்

அன்பு அக்காவுக்கு,

நோன்பு என்பதால் மதிய இடைவேளை எனக்குச் சும்மாதான். கதவைச் சாத்திக்கொண்டு 312 குரலையும் கேட்டு முடித்தேன். எல்லாரும் அதே இருபதுவரை எண்ணுகிறார்கள், அதே குழறல். கழித்துக் கழித்துக் கடைசியில் மூன்று நின்றன. இத்துடன் அனுப்புகிறேன், கேட்டதும் அழித்துவிடு. இரண்டாவதுதான் பாபா. ஏழுக்கு முன்னால் செருமுகிறார், கேட்டுப் பார். அவர்தானே அக்கா? சீக்கிரம் எழுது, பயமாக இருக்கிறது.

லசாத்

ஸ்பாக்ஸ், 27 மார்ச்

அன்புத் தம்பிக்கு,

மூன்றையும் தனியாக உட்கார்ந்து கேட்டேன். முதல் ஆள் யாரென்று தெரியவில்லை. இரண்டாவது ரொட்டிக்கடை முன்ஜி. மூன்றாவது, கேப்ஸ் ஊரிலிருந்து மகளோடு வந்த பெரியவர். பாபா இதில் இல்லை.

அழித்துவிட்டேன். இனி எதுவும் அனுப்பாதே, உன் வேலையைப் பார். நோய் வந்த பிறகு அவர் பேசி நீ கேட்டதே இல்லை, உன்மேல் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அழுகை நிற்கவில்லை.

"தம்பி என்னடி சொன்னான்?" என்று அம்மா கேட்டாள். "விதி இடம் கொடுக்கலம்மா" என்றேன். "கையில இருந்தா குடுக்காம இருப்பானா எம்புள்ள?" என்றாள்.

நீ அத்தனை குரலையும் கேட்டுப் பார்த்தாய் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

சிஹேம்