அமராவதி, பிரசன்ட் சார்

ஜூலை 8, செவ்வாய்

இன்று புதுப் போர்டு மாட்டினார்கள். 'அகாடமி' என்ற எழுத்தின் மேல் பெயின்ட் அடித்து 'கலை அறிவியல் கல்லூரி' என்று எழுதியிருக்கிறார்கள். புது மொந்தையில் பழைய கள். போன வருஷம் வரை டைப்பிங்கும் போலீஸ் தேர்வுப் பயிற்சியும் நடந்த அதே அறைகள். அதற்கு முன்னால் உப்புக் கிடங்காம். எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் சுவரில் உப்பு பூத்துவிடுகிறது.

பி.காம். முதல் வருஷத்தில் பத்தொன்பது பேர். இருபது வேண்டுமாம். மதியம் பக்தவச்சலம் சார் என்னை மட்டும் கூப்பிட்டார். பிரின்சிபால், ஓனர், அக்கவுன்ட்ஸ் வாத்தியார் எல்லாம் அவரேதான்.

"அமராவதின்னு ஒரு பேரு சேத்திருக்கேன். அட்டெண்டன்ஸ்ல கூப்டா நீ குரல மாத்தி பிரசன்ட் சொல்லிடும்மா. யூனிவர்சிட்டி ஆளுங்க வந்துட்டுப் போற வரைக்கும்தான்."

"யாரு சார் அது?"

"பழைய ஸ்டூடன்ட்டு. இருபது இல்லன்னா கோர்ஸே கேன்சல், ரேகா."

கேன்சல் என்றால் எனக்கு அடுத்தது கல்யாணம்தான். வானூர்ப் பக்கத்திலிருந்து உப்பள வேலைக்காக அப்பா எங்களை இங்கே கூட்டிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நடந்து போகிற தூரம் என்பதால்தான் இந்தக் காலேஜுக்கே சம்மதித்தார். சரி சார் என்றேன். ஒரே ஒரு வார்த்தைப் பொய்தானே.

ஜூலை 9

முதல் பெயரே அவளுடையது. "பிரசன்ட் சார்." நான் யோசித்து வைத்திருந்தது வேறு குரல், வந்தது கொஞ்சம் கரகரத்த ஒன்று. சார் அட்டெண்டன்ஸ் போடும் டேப்லெட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

ஜூலை 17

கேட்டுக்கு வெளியே ஒரு அம்மா, மூன்றாவது நாளாக. தலையில் துண்டு, முழங்கால் வரை உப்பு. காலேஜ் விடும் நேரத்துக்கு வந்து, வெளியே வருகிற பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். யாரையும் எதுவும் கேட்பதில்லை. கடைசிப் பெண் வந்ததும் போய்விடுகிறார். இன்று கடைசியாக வந்தது நான்.

ஜூலை 22

கடைசி பெஞ்சில் நான் ஒருத்திதான். மதியம் வந்து பார்த்தால் என் பக்கத்துக் காலி இடத்தில் ஒரு டிபன் பாக்ஸ். தொட்டால் சுட்டது. மூடியில் பேர் வெட்டியிருந்தது. அமராவதி.

வாட்ச்மேனைக் கேட்டேன். "தெனம் கேட்டாண்ட நிக்குமே, அவங்கம்மா, அது குடுத்துச்சு. பி.காம். பொண்ணாமே, காலியா இருந்த எடத்துல வெச்சேன்."

நான் திறக்கவில்லை. சாயங்காலம் வரை பக்கத்திலேயே இருந்தது. மூன்றரை மணிக்கும் சூடு ஆறவில்லை. சத்தியமாக.

ஜூலை 23

ஜான்சி முன் பெஞ்சு. இதே அகாடமியில் டைப்பிங் படித்தவள். அவளிடம் சொல்லிவிட்டேன்.

"அது நீயா?" என்றாள். முகம் வெளுத்துவிட்டது. "அவ செத்து ரெண்டு வருஷம் ஆவுதுடி. அகாடமிக்கு வர்ற வழியில, ஈ.சி.ஆர்.ல லாரி. இப்ப யாரோ அதே பேருல புதுப் பொண்ணுன்னு நெனச்சேன். ஆனா குரலு அப்படியே அவ குரலு. அதான் நான் திரும்பியே பாக்கல."

நான் அவளைப் பார்த்ததில்லை. பேசிக் கேட்டதில்லை. பின்னே எப்படி?

ஜூலை 24

சாப்பிடும்போது அப்பா சொன்னார், "ஒம்பதரைக்கு டாண்ணு காலேஜ்லேர்ந்து மெசேஜ் வந்துடுது, உங்க பொண்ணு வந்துட்டான்னு. அதப் பாத்தப்புறம்தான் டீ குடிக்கவே தோணுது."

அமராவதிக்கு யார் போனுக்குப் போகிறது? பழைய அட்மிஷன் பாரத்தில் இருந்த நம்பருக்குத்தான். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம், செத்துப்போன மகள் வகுப்புக்கு வந்துவிட்டாள் என்று அந்த அம்மாவுக்குத் தகவல். அடிப் பாவி, என்ன காரியம் பண்ணியிருக்கே!

ஜூலை 25

சொல்லவில்லை. சார் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டாவது முறை தொண்டை தானாக அசைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஜூலை 28

இன்றும் சொல்லவில்லை. மதியம் குழாயடியில் நிமிர்ந்தால் எதிரே அந்த அம்மா. பெயர் அஞ்சம்மாள்.

"நீதானே எம் பொண்ணு பேருக்குச் சொல்றது? ஜான்சி சொல்லுச்சு."

அழுதுவிட்டேன். "தெரியாம பண்ணிட்டேம்மா. இனிமே சொல்ல மாட்டேன்."

"எங்கையால குளிப்பாட்டி அனுப்புனவ நான். அவ வரமாட்டான்னு எனக்குத் தெரியாதா? மொத மெசேஜ் வந்தப்ப பயந்துட்டேன். கேட்டாண்ட வந்து வந்து பாத்தேன். அப்புறம் பழகிடுச்சு. பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சுச் சொல்லும், வந்துட்டாளாம்னு. நானும் உப்பளத்துக்குப் போயிடுவேன். இப்ப ரெண்டு தபா வரலன்னு வந்துடுச்சு." தலைத் துண்டை அவிழ்த்தார். "அன்னிக்கும் அப்படித்தாம்மா வந்துச்சு. வரலன்னு."

என் கையைப் பிடித்தார். உப்பில் வெடித்த கை. "சொல்லிடும்மா."

ஜூலை 29

சொன்னேன். டிபன் பாக்ஸ் வந்தது. கருவாட்டுக் குழம்பு. முழுதும் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 8

யூனிவர்சிட்டிக்காரர்கள் வந்தார்கள், பட்டியலைப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள். கோர்ஸ் தப்பித்தது. "இனிமே தேவையில்லம்மா, பேர எடுத்துடறேன்" என்றார் சார்.

"இருக்கட்டும் சார்" என்றேன். ஏன் சொன்னேன்? ஜான்சி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில்கூட அந்தக் குரல் வந்துவிடுகிறது. தொண்டை கட்டியிருக்கிறது என்று அப்பா கஷாயம் வைத்துத் தருகிறார்.

ஆகஸ்ட் 12

காலையில் அமராவதிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மற்ற பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. "ரேகா" என்று சார் கூப்பிட்டது காதில் விழுந்தது. ஏதோ ஒரு ரேகா. அவள் இன்று வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நினைத்தேன். என் பெயரைக் கேட்டு.

பத்து மணிக்கு வகுப்பு வாசலில் அப்பா. அளத்திலிருந்து ஓடி வந்திருக்கிறார், காலில் செருப்பில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என்னைப் பார்த்தார், தாண்டிப் போனார், கடைசி வரை போய்விட்டுத்தான் திரும்பி என்னிடம் வந்தார்.

"வரலன்னு வந்துச்சும்மா" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவரை எழுப்பித் தண்ணீர் கொடுத்துவிட்டு, சாரிடம் போய் அந்தப் பெயரை எடுக்கச் சொன்னேன். என் கண் எதிரிலேயே எடுத்தார்.

சாயங்காலம் அஞ்சம்மாள் வீட்டுக்குப் போனேன். அப்பா ஓடி வந்ததைச் சொன்னேன். "நாளையிலேர்ந்து எதுவும் வராதும்மா. வந்துட்டான்னும் வராது, வரலன்னும் வராது."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"உம் பேரு என்னம்மா?"

இத்தனை நாளில் அவர் கேட்டதே இல்லை. சொன்னேன்.