ஹைத்திப் பேச்சின் மீதிப் பாதி

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ்ஸில் இன்று காலை என் பக்கத்தில் ஒருவர் சாமந்திக் கூடையை இறக்கி வைத்தார். காரிமங்கலம் வந்து சேரும்வரை அந்த வாசனைதான். எல்லோருக்கும் கோயில் நினைவு வருமாயிருக்கும். எனக்கு வாசகசாலை ஆண்டு விழாவில் உன் கழுத்தில் விழுந்த மாலைதான் நினைவுக்கு வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது, அந்த மாலையின் மேல் எனக்கு உள்ள எரிச்சல் மட்டும் போகவில்லை.

புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் எழுத்து வேலை பார்த்து, பிரெஞ்சு கற்றுக்கொண்டு ஊர் திரும்பினாய். கூடவே, அமெரிக்காவுக்குப் பக்கத்தில் உள்ள ஹைத்தி என்ற தீவுத் தேசத்துக்காரர்கள் எழுதிய பிரெஞ்சுப் புத்தகங்களையும் கொண்டு வந்தாய். சந்தையில் என் துணிக்கடையில் உட்கார்ந்து, வாங்க வந்தவர்களை மறைத்துக்கொண்டு, அந்தத் தேசத்தின் கதையைச் சொல்வாய். கரும்புத் தோட்டங்களில் சவுக்கடி பட்ட கறுப்பு அடிமைகள் பிரெஞ்சுப் பட்டாளத்தையே விரட்டித் தங்களுக்கென்று ஒரு நாடு அமைத்தார்களாம். ஐரோப்பியப் பண்டிதர்கள் மண்டை ஓட்டை அளந்து, கறுப்பனுக்கு மூளை குறைவு, அவனை ஆள்வது எங்கள் கடமை என்று எழுதியபோது, ஹைத்திக்காரர் ஒருவர் அவர்கள் பாஷையிலேயே பதில் எழுதினாராம்: எந்த இனமும் பிறவியில் தாழ்ந்ததில்லை, வாய்ப்பைப் பறித்துக்கொண்டு அறிவில்லை என்று சொல்வது என்ன நியாயம் என்று. "மண்டைய அளந்தவன் நம்ம ஊருக்கும் வந்து அளந்தான் பாய்" என்று சொல்லிச் சிரிப்பாய்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. பிறகு அமெரிக்கப் பட்டாளம், நாகரிகம் கற்றுத் தருகிறோம் என்று அங்கே புகுந்துகொண்டது. அப்போது அந்த ஊர்ச் சிந்தனையாளர்கள் வெள்ளையனை மட்டும் திட்டவில்லை. தங்கள் படித்த கூட்டத்தையும் பிடித்து உலுக்கினார்கள். பாரிஸைப் பார்த்து உடுத்துகிறாய், மலையில் உழும் உன் சனத்தின் பேச்சையும் பறையையும் சாமியையும் கண்டால் கூசுகிறாய், பிறகென்ன சுதந்திரம் என்று கேட்டார்கள். இதைச் சொல்லும்போது உன் குரலே மாறிவிடும்.

விழாவில் இதைத்தான் பேசப் போவதாகச் சொன்னாய். நம் வாசகசாலையில் சேரிக்காரர்களுக்கு இடம் ஜன்னலுக்கு வெளியேதான். உள்ளே ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், அவர்கள் வெயிலில் நின்று கேட்பார்கள். சுயராஜ்யம் பேசும் பெரிய மனிதர்கள் யாரும் அதைத் தவறென்று நினைத்ததில்லை. "பாதிப் பேச்சு வெள்ளைக்காரனுக்கு, மீதி நமக்கு. அத்தனை பேர் முன்னால கதவத் தொறக்கச் சொல்லிக் கேட்டுடறேன்" என்றாய். அதை நம்பித்தான் பந்தலுக்குத் துணி கொடுத்தேன்.

முதல் பாதிக்கு என்ன கைதட்டல்! தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நீ ஹைத்தியின் படித்த கூட்டத்துக்கு வந்தாய். "அவங்க வெள்ளைக்காரன வெரட்டிட்டு அவன் கண்ணை மட்டும் வச்சுக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாய். தலைவருக்குப் புரிந்துவிட்டது. நம் ஊர்க் கூட்டங்களில் மாலை விழுந்தால் பேச்சு முடிந்ததென்று அர்த்தம். சட்டென்று எழுந்தார், கடைசியில் போட வைத்திருந்த மாலையை உன் கழுத்தில் போட்டார், "இதுக்கு மேல என்னாங்க சொல்லணும், அருமையாப் பேசினீங்க" என்றார். உடனே நன்றியுரை. நீயும் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாய்!

வெளியே வந்ததும் சண்டை போட்டேன். "பெரியவங்க மாலை போட்டப்புறம் எப்படி பாய் பேசறது? மரியாதையா இருக்காது" என்றாய். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. சங்கிலியை உடைத்தவர்களின் கதையைச் சொல்ல வந்தவனுக்கு ஒரு பூமாலையைக் கழற்றி மேசை மேல் வைக்க முடியவில்லை. அடுத்த விழாவில் பேசுகிறேன் என்றாய். அடுத்த விழாவுக்கு அவர்கள் உன்னை அழைக்கவில்லை. பிறகு யுத்தம் வந்தது, காய்ச்சலும் வந்தது, நீயும் போய்விட்டாய். உன் புத்தகங்கள் என் கடையில்தான் இருக்கின்றன. எனக்கு அதில் ஓர் எழுத்துக்கூடப் புரியாது.

நான் இப்போது வாசகசாலைக்குள் போவதில்லை. யுத்தச் செய்தி கேட்க வேண்டுமென்றால் வெளியே நின்று கேட்கிறேன். "உள்ளே வாங்க பாய்" என்று கூப்பிடுகிறார்கள். "இவங்களையும் கூப்பிடுங்க, சேர்ந்தே வர்றோம்" என்கிறேன். சிரித்துவிட்டுப் படிப்பைத் தொடர்கிறார்கள்.

போன வாரம் வெயில் மண்டையைப் பிளந்தது. விழாவன்று ஜன்னலுக்கு வெளியே நின்று உன் பேச்சைக் கேட்ட மாதையன், சேரியில் முக்கால்வாசிப் பேரை எனக்குப் பழக்கி வைத்தவன், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டான். "நீங்க எதுக்குங்க காயறீங்க? உள்ளே போங்க. எங்களுக்குப் பழக்கந்தானுங்க" என்றான்.

பழக்கந்தான் என்கிறானடா! அதற்குப் பதில் உன்னிடம் இருந்தது, தொண்டைவரை வந்தது, விழுங்கிக்கொண்டு போய்விட்டாய். என்னிடம் கோபம்தான் இருக்கிறது, பேச்சு இல்லை. அதனால் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.