ஏழாம் நம்பர் காற்றாலையின் மூன்றாவது இறக்கை

வாய் ஓயாத என் அன்பு மச்சான் தேவராஜுக்கு,

நீ போய் பதினோரு மாதம் ஆகிறது. சித்ரதுர்கா மலைமேல் இருபத்தைந்து மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு காற்றாலை இறக்கைகளைப் பழுதுபார்த்த ஆள் நீ. உன்னை ஒரு மஞ்சள் காமாலை கொண்டுபோகும் என்று யார் நினைத்தது?

நம் சண்டை ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் உன் ஸ்ரீராம்புரம் வீட்டுப் படி ஏறும்போதே தொடங்கிவிடுவாய். "ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டரைப் பாக்குற உனக்கு இறக்கையைப் பத்தி என்னடா தெரியும், குமரேசா?" என்பாய். "கயித்துல தொங்குறவனுக்குக் கணக்கு என்ன தெரியும்?" என்பேன் நான். "பிளேடைப் பத்திப் பேசியே பிளேடு போடுறீங்க" என்று வசந்தி டிவி சத்தத்தைக் கூட்டுவாள். உனக்கு மனைவி, எனக்குத் தங்கை, இரண்டு பேருக்கும் அவள்தான் நீதிபதி.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்ததால் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

நீ கடைசியாகப் பழுதுபார்த்தது ஏழாம் நம்பர் மெஷின், இரண்டாவது இறக்கை. அதன் பிறகு அந்த மெஷின் சரியாக ஓடவில்லை. மின்சாரம் குறைந்தது, சுற்றும்போது லேசாக ஆட்டம் வேறு. "தேவராஜ் ஒட்டுன ஒட்டுதான் காரணம்" என்று எங்கள் ஆபீசில் பேச்சு கிளம்பிவிட்டது. உன்னோடு கயிறு ஏறிய நாலு பேரையும் இனிமேல் கூப்பிட வேண்டாம் என்றார்கள். பதில் சொல்ல நீ இல்லை. உண்மையைச் சொல்லட்டுமா? நானும் மனசுக்குள் அப்படித்தான் நினைத்தேன்.

எந்த இறக்கை சரியில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மெஷின் கொடுப்பது மொத்தமாக ஒரே ஒரு எண். பீரோவை மூன்று பேர் தூக்கிப் போகும்போது எவன் சும்மா கை வைத்துக்கொண்டு வருகிறான் என்று வெளியிலிருந்து தெரியாதே, அந்தக் கதைதான். அதனால் ஒவ்வொரு இறக்கையின் அடியிலும், உள்பக்கமாக, மெல்லிய பட்டைகளை ஒட்டினோம். காற்று அடிக்கும்போது அந்த இறக்கை எவ்வளவு வளைகிறது என்று பட்டை சொல்லும். வளைவு குறைந்தால் அது காற்றை ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டு வாரம் அளந்தோம். உன் இரண்டாவது இறக்கை முதலாவதோடு ஜோடி போட்டுக்கொண்டு வேலை செய்தது. கை வைத்துக்கொண்டு வந்த ஆசாமி மூன்றாவது.

நான் நம்பவில்லை. ஒயர் மாறியிருக்கும் என்று சைட்டில் இருக்கும் பசவராஜுக்குப் போன் போட்டேன். அவன் ஏறிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்றான். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். "சார், ஏணி ஏறினது நீங்க இல்ல, நானு" என்றான்.

அப்புறம்தான் கோணத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு இறக்கையும் காற்றுக்கு எவ்வளவு திரும்பி நிற்க வேண்டும் என்று மெஷினுக்கு ஒரு திருத்த எண் கொடுப்போம் அல்லவா? நீ பழுதுபார்க்க மெஷினை நிறுத்தியிருந்த அதே வாரத்தில் அந்த எண்களையும் புதிதாக ஏற்றியிருந்தோம். மூன்றாவது இறக்கைக்குப் பிளஸ் இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ். தாளின் அடியில், தயாரித்தவர்: குமரேசன். சரிபார்த்தவர்: அதுவும் குமரேசன்.

கேன்டீனில் போய் உட்கார்ந்தேன். காபி ஆறி ஆடை கட்டியது. அந்த மைனஸைச் சத்தமில்லாமல் பிளஸாக மாற்றிவிட்டால் மெஷின் தானாகச் சரியாகிவிடும்; யாருக்கும் தெரியாது. உன் பேர் மட்டும் அப்படியே கெட்டுக் கிடக்கும். நீ என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? மாடியில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியும்.

மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் மஞ்சுநாத் சார் கேட்டார்: "அப்போ ரிப்பேர்ல தப்பு இல்லியா?"

"இல்ல சார்."

"பின்ன எங்க தப்பு?"

"ஒரு மைனஸ்ல சார்."

"அந்த மைனஸ் யார் போட்டது?"

"நான்தான் சார்."

"செக் பண்ணது?"

"அதுவும் நான்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த நாலு பேருக்கும் நீங்களே போன் பண்ணி வரச் சொல்லுங்க. மன்னிப்பும் கேளுங்க. அப்புறம் சைட்டுக்குப் போய், மேல ஏறி, கோணத்தை நேர்ல அளந்து சரி பண்ணிட்டு வாங்க."

ஏறினேன், மச்சான். ஏழு இடத்தில் உட்கார்ந்து, இரண்டு இடத்தில் குலதெய்வத்தைக் கூப்பிட்டு ஏறினேன். உன் ஆள் ஒருவர் எனக்குப் பின்னாலேயே வந்து, "மேல பாருங்க சார், கீழ ஒண்ணும் இல்ல" என்று தைரியம் சொன்னார். இறங்கி வந்ததும் பைனாகுலரில் உன் இரண்டாவது இறக்கையைப் பார்த்தேன். நீ ஒட்டிய இடம் மட்டும் கொஞ்சம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. ஒரு விரிசல்கூட இல்லை. கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று பசவராஜிடம் சொன்னேன். அங்கேதான் காற்றுக்குக் குறைவில்லையே, நம்பிவிட்டான்.

மெஷின் இப்போது ஆட்டமில்லாமல் சுற்றுகிறது. மூன்று இறக்கையும் ஒரே அளவு வளைகின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவரு செஞ்சது சரி, நீ செஞ்சது தப்பு. அப்படித்தானே அண்ணா?"

"ஆமா."

"அந்தா அவரு போட்டோ. முன்னாடி போய் நின்னு சொல்லு."

போய் நின்று சொன்னேன். "சத்தமா" என்றாள். சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். வசந்தி சிரித்தாள், மச்சான். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இனிமேல் எந்த மெஷின் மக்கர் செய்தாலும், கயிற்றில் தொங்கியவனைக் கேட்பதற்கு முன்னால் நான் எழுதிய எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. சரிபார்க்கிற இடத்தில் இப்போது வேறொருவர் கையெழுத்துப் போடுகிறார்.

உன்னிடம் தோற்றதை ஒப்புக்கொள்ளும்,
வசந்தியின் அண்ணன், உன் மச்சான்
குமரேசன்