கையோடு வந்த பின் சீட்டு பெல்ட்

திருநெல்வேலி டவுண்
ஞாயிறு காலை

அன்பு மகள் விஜயஸ்ரீக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி உமையாளும் சுகமாக இருக்க காந்திமதியம்மன் துணை நிற்கட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆற்றிலும் நல்ல தண்ணீர். போனில் சொல்ல வராத ஒரு விஷயம், அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நம் அம்பாசடரின் பின் சீட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் தேங்கியதால் வண்ணார்பேட்டையில் அகமது மீரான் பட்டறைக்குக் கொண்டு போனேன். அவர் சீட்டைத் தூக்கிவிட்டு, போன சித்திரையில் நீங்கள் வருவதற்கு முன் நான் போட்டு வைத்த பெல்ட்டை ஒரு கையால் இழுத்தார். திருகாணிகளும் துருப்பிடித்த தரைத்தகட்டில் உள்ளங்கை அகலத் துண்டும் கையோடு வந்துவிட்டன. "அண்ணாச்சி, இது என்ன பெல்ட்டா, அரணாக்கொடியா? இடுப்புல கெடக்கும், ஆளப் பிடிக்காது" என்றார். நான் அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். சீட்டு உறை தைத்த கடையிலேயே பெல்ட்டையும் போடச் சொன்னேன். உறையின் நிறத்துக்கு ஒத்துப் போகிறதா, கொக்கி டக்கென்று மாட்டுகிறதா, இந்த இரண்டையும்தான் பார்த்தேன். தரைவிரிப்பு பிடிக்கும் திருகாணியால் முடுக்கியிருக்கிறார்கள். நீ மூன்று முறை கேட்டாய், மூன்று முறையும் கெட்டியாக இருக்கிறது என்றேன். முக்கூடல் போகும் வழியில் ஆடு குறுக்கே வந்து நான் பிரேக் அடித்தபோது உமையாள் அந்தப் பெல்ட்டில்தான் இருந்தாள். அன்று வேகம் முப்பதுக்குள். நான்குவழிச் சாலையில் எண்பதில் போனதையும் நினைத்துப் பார்க்கிறேன், மேலே நினைக்க முடியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "பத்திரிகைல இருந்தப்போ ஊரான் வீட்டுச் சேதிய நாலு தடவ விசாரிச்சு எழுதுனீய, பேத்திக்கு ஒரு தடவ குனிஞ்சு பார்க்க முடியலையோ" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

துருவை வெட்டி, புதுத்தகடு பற்றவைத்து, அடியில் கனத்த இரும்புப் பட்டை கொடுத்து மீரான் போல்ட் முடுக்குகிறார். தோள்வழியாக வரும் புதுப் பெல்ட் வாங்கியாயிற்று. பழைய இரும்புக் கடைப் பெல்ட் வேண்டாம், விபத்தில் இழுபட்டதாக இருக்கும் என்கிறார். குழந்தைக்கான சீட்டை மறக்காமல் கொண்டு வா.

மார்கழியில் வரும்போது நான் சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் நம்பாதே. சீட்டைத் தூக்கி நீயே பார், மாப்பிள்ளையை விட்டுப் பெல்ட்டை இழுத்துப் பார்க்கச் சொல். அதற்குப் பிறகு பிள்ளையை உட்கார வை.

மூவரும் தீர்க்காயுசாக இருங்கள்.

உன் அப்பா,
ஆவுடைநாயகம்