இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். நான் இருக்கிறேன். உன் அண்ணன் சமைக்கிறான், உப்பு இருக்காது, குறை சொல்லாமல் சாப்பிடுகிறேன்.

அப்பா மாரடைப்பில் போய்விட்டார் என்று மட்டும் போனில் சொன்னேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. அன்று பகல் பதினொன்றரைக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அந்த அழைப்பை எடுத்தது நான்தான். என் குரலைக் கேட்டதும் பக்கத்து வீட்டுத் தையல்காரி, அக்கா, மாமா வாசல்ல உக்காந்துட்டாரு, வேர்த்துக் கொட்டுதுக்கா என்று அழுதாள். நம் தெரு வரைபடத்தில் கிடையாது. இருபத்தாறு வருடமாகக் குடியிருக்கிறோம், திரையில் காலி நிலம். மதிலுக்கு அந்தப் பக்கத்து அடுக்குமாடிக்காரர்களின் நீச்சல்குளத்துக்குக்கூட அதில் பெயர் இருக்கிறது. ஓட்டுக் கேட்க வருகிறவனுக்கு மட்டும் வழி தெரியும். அதனால் ஓட்டுநருக்கு நானே வழி சொன்னேன், தண்ணீர்த் தொட்டி தாண்டி இடது கை, மதிலோரம் நேரே வந்தால் இரும்புக் கதவு, அதற்குப் பின்னால் மூன்றாவது வீடு என்று. வழி இப்போது திறந்திருக்கிறதா, தெருமுக்குக்கு ஆள் அனுப்ப முடியுமா என்று அழைக்கிற எல்லாரிடமும் கேட்போம். காலையில் நான் நடந்து வந்த வழிதானே என்று அதைக் கேட்காமல் விட்டேன். நான் கிளம்பிய பிறகு அடுக்குமாடிக்காரர்கள் அந்தக் கதவைப் பூட்டியிருக்கிறார்கள், நம் ஆட்கள் நடமாடினால் அவர்களுக்கு அசிங்கமாம்.

வண்டியைக் காணோம் என்று அவள் சொன்னதும் ஓட்டுநரைச் சைரன் அடிக்கச் சொல்லிவிட்டு, தையல்காரியின் போன் வழியே கேட்டேன். சைரன் பக்கத்தில்தான் கேட்டது மகளே. பூட்டிக் கிடக்குக்கா, காவலாளி சாவி ஆபீஸ்ல இருக்குங்கிறான் என்று ஓட்டுநர் இன்னொரு லைனில் கத்தினார். சுற்றிவர ஒன்பது நிமிடம். நடுவில் அப்பா குரல் கேட்டது, அவளுக்குச் சொல்லாதீங்க, டூட்டில இருக்கா, திட்டுவா என்று. லைனில் நான்தான் இருக்கிறேன் என்று சொல்வதற்குள் பேச்சு நின்றுவிட்டது. வண்டி வரும்வரை, நெஞ்சை அழுத்து, நிறுத்தாதே என்று தையல்காரிக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில், முகவரி தெளிவில்லாததால் தாமதம் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். அவர்கள் பூட்டினார்கள், நான் கேட்கவில்லை, ரெண்டையும் எழுதுங்கள் என்றேன். ஏம்மா உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிற என்றார் மேற்பார்வையாளர். வேலை போனால் போகட்டும். நீ திட்டி எழுதினாலும் எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நீ நோய்நொடியில்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். பதில் போடும்போது உன் கட்டடத்துக்கு வர எந்தெந்த வாசல், எது எப்போது பூட்டப்படும் என்று விசாரித்து எழுது. தெரிந்த வழிதானே என்று விடாதே. தினமும் கேள்.

உன் அம்மா