உங்கள் பேரில் நேர்ந்த கிடா

மஸ்கட்டில் அடுத்தவர் வீட்டுச் சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடித்து அழகு பார்க்கும் என் வீட்டுக்காரர் மணிவேல் மாமாவுக்கு, திருவண்ணாமலையிலிருந்து பச்சையம்மாள் எழுதுவது. நான் சுகம். என் முட்டிவலி என்னைவிடச் சுகம். நம் மகள் கீர்த்தனாவும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும். அதற்குக் கை வரவில்லை. அதனால்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரே அறை வீட்டில் நான் போனில் பேசினால் அவள் காதில் விழும். வெளியே நின்று பேசினால் தெருவுக்கே விழும், என் தொண்டை அப்படி. அதுவும் போக, நான் அவள் பேரை எடுத்ததும் உங்கள் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாமே. பக்கத்து வீட்டுக் கைசர் ஜஹான் அக்காவின் மகன் அமான் லீவு முடிந்து நாளைக்கு அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டவள் நான். எழுத்து கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்துப் படியுங்கள். ரூமில் மற்ற ஆட்கள் இருக்கும்போது மட்டும் பிரிக்காதீர்கள்.

போன பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தி. கெஸ்ட் அவுஸில் நான் அலசிப் போட்ட படுக்கை விரிப்புகளை ஒன்றாக இழுத்துக் கட்டினால் செங்கம் ரோட்டுக்கே பந்தல் போடலாம். மழை கம்மி. நீங்கள் அனுப்பிய போட்டோ வந்தது. மீசைக்கு மை அடித்திருக்கிறீர்கள், தலைக்கு மறந்துவிட்டீர்கள். கைசர் அக்கா பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு மேல வெயிலு, கீழ ராத்திரியா"ன்னு கேட்டார். நான் சிரித்தேன். கீர்த்தனாவும் எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை, ஆனால் ரொம்ப நேரம் பார்த்தாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மகன் எழிலுக்குக் காரியம் முடிந்த கையோடு நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள். கம்பெனி கொடுத்த லீவு அவ்வளவுதான், குறை சொல்லவில்லை. அதன் பிறகு இங்கே நடந்ததை உங்களிடம் யாரும் முழுசாகச் சொல்லவில்லை. வீட்டுக்குள் இருக்கும் வரைக்கும் அவள் நன்றாகத்தான் இருந்தாள். சமைப்பாள், துவைப்பாள், நான் கிண்டல் செய்தால் முறைப்பாள். ஆனால் ஒரு கடை வாசலில் கால் வைக்கச் சொன்னால் போதும். உள்ளங்கை நனைந்துவிடும், உதடு வெளுத்துவிடும், மலையை ஓடியே சுற்றி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கும். ஒரு நாள் என் தலைவலி மாத்திரைக்கு என்னோடு மருந்துக் கடைக்கு வந்தவள், "செத்துடுவேன்மா"ன்னு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலேஜும் நின்று போனது. பஸ் ஏறினால் எத்தனை கடை தாண்டிப் போக வேண்டும்.

நான் கயிறு கட்டினேன், கைசர் அக்கா தர்காவில் ஓதிய தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எதற்கும் கேட்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். இது பதட்ட நோய், சர்க்கரை, காய்ச்சல் போல இதுவும் ஒரு நோய், பிள்ளை நடிக்கவில்லை என்று சொன்னார். மாத்திரை எழுதினார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைப் பக்கம் கூட்டிப் போகச் சொன்னார். மருந்து மாதிரி அதையும் விடாமல் செய்ய வேண்டுமாம். சொல்வது சுலபம். நான் கூட்டிப் போவேன், அவள் பாதி வழியில் திரும்பிவிடுவாள்.

அப்போதுதான் கைசர் அக்கா வீட்டில் ஓர் ஆடு குட்டி போட்டுவிட்டுச் செத்துப் போனது. அவர் வீட்டுக்காரர் ஜானி பாஷா அண்ணன் அந்தக் குட்டியைக் கீர்த்தனா மடியில் வைத்து, பால் புட்டியையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்பு, வெள்ளை, செம்மண் எல்லாம் கலந்த குட்டி. மிக்சர் என்று பேர் வைத்தாள். சமர்த்து எல்லாம் இல்லை, என் ஜாக்கெட்டில் ஒரு கையைத் தின்றது அதுதான். ஆனால் அவள் எங்கே எழுந்தாலும் பின்னால் போகும். ஒரு நாள் அது பின்னாலேயே வர, அவள் தெருமுனை வரைக்கும் போய் வந்தாள். மூச்சு வாங்கத் தொடங்கினால் குனிந்து அதன் காதைப் பிடித்துக்கொள்வாள். காது சூடாக இருக்குமாம், அதைப் பிடித்திருந்தால் தன் கையில் இரத்தம் ஓடுவது தெரியுமாம். டாக்டரம்மாவிடம் சொன்னேன். சில பேருக்குப் பிராணி கூட இருந்தால் மனசு அடங்கும், இருக்கட்டும் என்றார்.

இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொன்னால் போதுமா, கடைக்காரன் சொல்ல வேண்டாமா. மளிகைக் கடையில், "இது கடையா, பட்டியா"ன்னு கேட்டான். பழக்கடைக்காரன் தண்ணீர் வாரி அடித்தான். துணிக்கடையில் காவல்காரன் குட்டியைக் காலால் தள்ளினான். இவள் ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து நடுங்கினாள், சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். நான் வேலை செய்யும் இடத்தில் தங்கியிருந்த வெள்ளைக்காரம்மா ஒருத்தி மடியில் நாயோடுதான் காபிக் கடைக்குப் போவாள். அவளுக்கும் மனசுக்காகத்தானாம். அவள் போனால் நாற்காலி இழுத்துப் போடுகிறான், நம் பிள்ளை போனால் விளக்குமாற்றை எடுக்கிறான்.

அன்றைக்கு எனக்கு ஒரு புத்தி வந்தது. புத்தி என்றுதான் அப்போது நினைத்தேன். மஞ்சள் குழைத்துக் குட்டியின் நெற்றியில் பூசினேன், குங்குமம் வைத்தேன், மஞ்சள் துணியைக் கழுத்தில் சுற்றி வேப்பிலை செருகினேன். மளிகைக் கடைக்காரன் வாயைத் திறப்பதற்கு முன்னால், எங்கள் குலசாமி முனீஸ்வரனுக்கு நேர்ந்து விட்ட கிடா என்று சொன்னேன். கல்லாவை விட்டு எழுந்து நின்றான் மாமா. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வெல்லம் கொடுத்தான். யார் பேரில் நேர்ந்தது என்று கேட்டான். உங்கள் பேரில் என்று சொல்லிவிட்டேன். வேறு யார் பேரைச் சொல்வேன், வீட்டுக்குத் தலைவர் நீங்கள்தானே.

கீர்த்தனாவுக்குப் பிடிக்கவில்லை. "சாமி பேர்ல பொய் சொல்லாதம்மா"ன்னாள். முனீஸ்வரன் எனக்குப் பெரியப்பா மாதிரி, கோபித்துக்கொள்ள மாட்டார் என்றேன். அதன் பிறகு எந்தக் கடையும் அவளை வெளியே தள்ளவில்லை. செல்போன் கடையில் மிக்சருக்கு வாழைப்பழம். பேன்சி ஸ்டோர்க்காரன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், அது அவன் பில்லைத் தின்றது, அதையும் பிரசாதம் மாதிரி சிரித்துக்கொண்டே விட்டான். பழக்கடைக்காரன் நல்ல கொய்யாவாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தான். நானும் கூடப் போய்க்கொண்டிருந்தவள், ஒரு நாள் முட்டி வலிக்கிறது என்று வேண்டுமென்றே வீட்டில் படுத்துக்கொண்டேன். அவள் மிக்சரை மட்டும் கூட்டிக்கொண்டு தனியாகப் போய், தனக்கு ஒரு கிளிப்பும் எனக்குத் தைலமும் வாங்கி வந்தாள். மீதிச் சில்லறையை என் கையில் கொட்டிவிட்டு, "கடைக்காரன் ஏமாத்தப் பாத்தான்மா, சண்டை போட்டேன்"னாள். நான் பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். காலேஜில் திரும்பச் சேர விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருக்கிறாள்.

இது உங்கள் அண்ணன் காதுக்குப் போகும் என்று நான் யோசிக்கவே இல்லை. கீழ்பென்னாத்தூருக்கு மல்லாட்டைக் கடலை மூட்டை எடுக்கப் போன மளிகைக் கடைக்காரன் பஸ் ஸ்டாண்டில் அருணகிரி மாமாவைப் பார்த்து, உங்கள் தம்பி பேரில் நேர்ந்த கிடா எங்கள் கடைக்கெல்லாம் வந்து போகிறது, நல்லா வளர்ந்துவிட்டது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். மறுநாளே பெரிய மாமா வந்துவிட்டார். கண் கலங்கி நின்றார். தம்பி குடும்பம் குலசாமிக்கு வைத்த பாக்கியால்தான் பிள்ளையைப் பறிகொடுத்தோம், இப்போதாவது நினைவு வந்ததே என்று என் தலையில் கை வைத்தார். ஆடி கடைசி ஞாயிறு பொங்கல் வைத்துக் கிடா வெட்டு என்று அங்கேயே நாள் குறித்தார். பங்காளிகளுக்கெல்லாம் சொல்லிவிட்டார், சமையல்காரனுக்குப் பாக்கு வைத்துவிட்டார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபம்.

நான் சொல்லப் போனேன் மாமா. கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறி அவர் வீட்டுக்கே போனேன். கடைக்காரனை ஏமாற்றச் சொன்ன பொய், நேர்த்தி எதுவும் இல்லை என்று பாதி சொன்னதுமே அவர் முகம் மாறிவிட்டது. "சாமிக்குன்னு வாயால சொன்னதைத் திருப்பிக் கேக்காத பச்ச. இருக்கறது ஒரு பொண்ணு, அதையாவது வச்சிக்க"ன்னார். மிரட்டவில்லை, பயந்துபோய்ச் சொன்னார். அவ்வளவுதான், மீதியைச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். ஊரையே கிண்டல் செய்கிற வாய் இது. ஒரு பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்தவளிடம் அந்த மாதிரிச் சொன்னால் எப்படித் திறக்கும், சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது முனீஸ்வரன் கோயில் பூசாரியைப் பார்த்தேன். ஒரு பேரில் நேர்ந்ததை அந்தப் பேருக்கு உரியவர் சொல்லித்தான் மாற்ற முடியும் என்றார். வீட்டுத் தலைவர் தன் வாயால், கிடாவை விட்டுவிடுகிறேன், பதிலுக்குப் பொங்கலும், கோயிலில் கட்ட ஒரு வெண்கல மணியும் வைக்கிறேன் என்று சொன்னால் சாமி ஏற்கும், போனில் சொன்னாலும் போதும், அண்ணனும் அதற்கு மேல் பேச முடியாது என்றார். பொம்பளை சொன்னால் ஆகாதா என்று கேட்டேன். அவர் விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இதெல்லாம் கீர்த்தனாவுக்குத் தெரிந்துபோய்விட்டது. அழுவாள், சண்டை போடுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. மிக்சரைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கட்டினாள். அது அங்கிருந்து கத்துகிறது, இவள் இங்கே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குகிறாள். பழகிக்கணும்மா என்கிறாள். கடைக்குப் போவது நின்றுவிட்டது. மாத்திரையையும் நான் கையில் வைத்தால்தான் போட்டுக்கொள்கிறாள். நேற்று அவளாகவே பேசினாள். "குடுத்துடும்மா. என்கூட கடைக்கு வந்தது ஒண்ணொண்ணா போவுது. அப்பா சொன்னது சரிதான்"னாள்.

நீங்கள் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. ஆஸ்பத்திரி வாசலில், எழிலை வெளியே கொண்டுவந்தபோது, "நீ கடைக்குப் போவணும்னு அடம் பிடிக்காம இருந்திருந்தா என் பிள்ளை இருந்திருப்பான்"னு அவள் முகத்துக்கு நேராகச் சொன்னீர்கள். வயிறு எரிந்து சொன்னீர்கள். எனக்கும் அன்று எரிந்தது, நான் கல்லையும் மண்ணையும் திட்டினேன். கல்லும் மண்ணும் மறந்துவிட்டன. அவள் மறக்கவில்லை. தங்கச்சி வளையல் கேட்டாள், அண்ணன் வண்டியில் கூட்டிப் போனான், திரும்பும்போது ஜல்லி லாரிக்காரன் வளைவில் பார்க்காமல் ஏறினான். இதில் அவள் செய்தது பின்னால் உட்கார்ந்திருந்தது மட்டும்தான். இது உங்களுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவளோடு பேச உங்களுக்கு முடியவில்லை என்று நான் நினைக்கிறேன். கோபம் என்றால் இத்தனை நாள் நிற்காது, உங்கள் கோபத்தின் ஆயுள் எனக்குத் தெரியாதா.

மாமா, நான் உங்களை எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன். இதில் கிண்டல் இல்லை. கடிதம் கிடைத்ததும் பெரிய மாமாவுக்குப் போன் போடுங்கள். கிடா வேண்டாம், பொங்கலும் மணியும் வைக்கிறேன் என்று சொல்லுங்கள். பொய் சொன்னது என் பொண்டாட்டி, தண்டனை அவளுக்கு என்று சொல்லுங்கள். எனக்கு எது வந்தாலும் வரட்டும், நான் வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பயத்தை மட்டும் என் தலையிலிருந்து நீங்கள் எடுத்துவிடுங்கள், என்னால் தனியாகச் சுமக்க முடியவில்லை.

அது நான் விட்ட சொல். நீங்கள் விட்ட சொல் ஒன்று இருக்கிறது, அதை நான் போய்த் திருப்பி வாங்க முடியாது. கிடா மாதிரி அதையும் உரியவர்தான் தன் வாயால் திருப்பி எடுக்க வேண்டும்.

அவள் போன் எப்போதும் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கும். உங்கள் பேரைப் பார்த்ததும் எடுக்கப் பயப்படுவாள், இன்னொரு முறை அடியுங்கள். எடுத்தாலும் முதலில் பேச வராது. வெறும் மூச்சுதான் கேட்கும், ஓடி வந்தவள் மாதிரி. சிக்னல் போய்விட்டது என்று வைத்துவிடாதீர்கள். அது நம் பிள்ளைதான். அவள் மூச்சு அடங்கும் வரைக்கும் அந்தப் பக்கம் இருங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் ஏணி ஏறாதீர்கள், நல்லா இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பச்சையம்மாள்