பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே மனு

பேராதனை
9.5.2004

அன்புத் தங்கச்சி தனுஜாவுக்கு,

இந்தக் கடிதம் நனையாமல் உன் கைக்கு வர வேண்டும். கூரைத் தகரம் கேட்டு நம் லயத்து வரிசையின் பன்னிரண்டு காம்பரா வீடுகளுக்கும் நீயே தேயிலைத் தோட்டத்துத் தொரைக்கு மனு எழுத வேண்டும், கை வலிக்கிறது என்று அழுதிருக்கிறாய். என் பாடத்திலேயே வழி இருக்கிறது. இங்கே மின்சுற்றைக் கட்டும் முன் கணினியில் எழுத்தாக எழுதுகிறோம். ஒரே மாதிரி உறுப்பு பதினாறு வேண்டுமென்றால் மடையன்தான் பதினாறு தடவை எழுதுவான். நான் ஒன்றை மட்டும் எழுதி, 'ஜெனரேட்' என்ற கட்டளை போட்டு, எண்ணை மாறவிடுவேன்; மற்றதைக் கணினியே எழுதிவிடும். நீயும் ஒரு மனுவை யோசித்து எழுது. மற்றவற்றில் பெயரும் எண்ணும் மாறினால் போதும்.

அண்ணன் கிஷாந்த்


நோட்டன் பிரிட்ஜ்
24.5.2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா சுகம். நான்தான் வெளியே தலைகாட்ட முடியாமல் கிடக்கிறேன். நீ சொன்னபடியே செய்தேன். முதலில் செல்லசாமி மாமாவுக்காக எழுதினேன். 'என் மனைவி நிறைமாதம், ஒழுகும் கூரையின் கீழ் பிள்ளை பிறக்கக் கூடாது' என்று உருக்கமாக வந்தது. அதையே மற்றப் பதினொன்றிலும் பார்த்து எழுதி, பெயரையும் எண்ணையும் மாற்றினேன். வாசித்துக் காட்ட எனக்கு வெட்கம். எல்லோரும் நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள்.

தொரை பதறிப்போய்த் தோட்டத்து மருத்துவச்சி மிஸ்ஸியை அனுப்பிவிட்டார். மிஸ்ஸி கதவு கதவாகத் தட்டி, முதலில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவைக் கையில் திணித்து, பிறகுதான் விசாரித்தார். இராமையா தாத்தாவையும் விடவில்லை.

"இராமையா, எங்கய்யா ஒம் பொஞ்சாதி?"

"அவளத்தான் மிஸ்ஸி நானும் அறுவது வருசமா தேடுறேன்."

அழகம்மா அத்தை விதவை. அவர் மனுவில் அவருடைய மனைவிக்கு நிறைமாதம்! "எனக்குப் பொண்டாட்டி கட்டிவச்சதே வச்ச, தேத்தண்ணி ஊத்தத் தெரிஞ்சவளா பாத்திருக்கக் கூடாதாடி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

தொரை இப்போது எதையும் நம்பவில்லை. செல்லசாமி மாமா வீட்டில் உண்மையாகவே நாள் நெருங்கிவிட்டது. மழையும் நிற்கவில்லை. என்ன செய்வேன்?

தங்கச்சி தனுஜா


பேராதனை
30.5.2004

அன்புத் தனு,

நானும் மடையன்தான். பதினாறு உறுப்பின் கம்பிகளுக்கும் எண் போட மறந்தேன். எல்லாம் ஒரே கம்பியில் முட்டி, ஒரு விளக்கும் சரியாக எரியவில்லை. எது பொது, எது அவரவருக்கு என்று முதலிலேயே பிரிக்க வேண்டுமாம். வரிசையில் முதல் உறுப்பும் கடைசி உறுப்பும் வேறு, அவற்றுக்கு ஒரு பக்கம்தான் அண்டைவீடு. 'கடைசி என்றால்' என்று தனி வரி எழுத வேண்டும்.

லீவில் வந்து தொரையிடம் நான் பேசுகிறேன். நீ பேசமாட்டாய்.

அண்ணன்


நோட்டன் பிரிட்ஜ்
13.6.2004

அண்ணா,

'நீ பேசமாட்டாய்' என்று வாசித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் ஆபீசுக்குப் போய்விட்டேன்.

"யாரு எழுதினது?" என்றார் தொரை.

"நாந்தாங்க. நிறைமாசம் ஒரு வீட்டுல மட்டும் நெசங்க. ஒழுகுறது பன்னெண்டுலயும் நெசங்க."

சிரித்துச் சிரித்துத் தொரைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாளே தகரம் வந்தது. செல்லசாமி மாமாவுக்குப் பெண் பிள்ளை. ஒரு சொட்டும் அவள்மேல் விழவில்லை.

ஆனால் எல்லா மனுவிலும் ஆறு தகரம் என்றே எழுதியிருந்தேன். நம்முடையது காற்றடிக்கும் கடைசிக் காம்பரா, ஓரத்துக்கு ஒன்று கூடுதலாக வேண்டும். நீ பாய் விரிக்கும் இடத்தில் மழை. மறுபடியும் தொரை முன் போய் நின்றேன்.

"இப்ப யாருக்கு நிறைமாசம்?"

"யாருக்கும் இல்லங்க. நாங்க கடைசிக் காம்பரா."

தகரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மழையிலேயே வந்தேன். இராமையா தாத்தா வாசலில் திரிபோஷா தின்றுகொண்டிருந்தார். "பாப்பா, அடுத்த மனுவுலயும் என் பொஞ்சாதி வரிய விட்றாத!"

லீவுக்கு வா. பேசுவதற்கு இல்லை, ஆணி அடிக்க.

தனுஜா